கல்யாண வேட்டியில் சஹாரா

வியாழக்கிழமை சஹாரா புழுதி ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் விழும் என்று உமாபதி பேராசிரியரிடம் அடித்துச் சொல்லியிருந்தான். விழுந்தால் ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னும் ஒரு வருஷம் வேலை. இல்லாவிட்டால் ஜூனில் ஊர் திரும்ப வேண்டியதுதான். ஊரில் அவன் வீட்டில் பதினோரு பேர். இங்கே இரண்டே பேர். கல்யாணமாகி நான்கே மாதமான வத்சலா அந்தப் புழுதிக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

"அவ்வளவு தூரம் எப்படிங்க வரும்?"

"ஸ்பிரிங்ல அட்லஸ் மலைக்குத் தெற்கே ஒரு லோ பிரஷர் உருவாகும். அது மண்ணைக் கிளப்பிவிடும். அப்புறம் தெற்குக் காத்து அதைத் தூக்கிட்டு, கடலைத் தாண்டி, ஆல்ப்ஸைத் தாண்டி, நம்ம பால்கனிக்கே வந்துடும்."

"டிக்கெட் இல்லாமலேயா? கொடுத்து வச்ச மண்ணு!"

வியாழன் வந்தது, மண் வரவில்லை. உமாபதி கூடத்தின் கூரையில் புழுதி பிடிக்க மாட்டியிருந்த வடிதாளைக் கழற்றிவிட்டு, தொங்கிய முகத்தோடு வீடு திரும்பினான்.

வெள்ளியன்று சுள்ளென்று வெயில். அதையாவது வீணாக்குவானேன் என்று வத்சலா அவனுடைய கல்யாண வேட்டியைத் துவைத்துப் பால்கனியில் விரித்து, ஜவ்வரிசி வடகம் ஊற்றினாள். பிறகு, 'ஜூனில் வருகிறோம்' என்று மாமியாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நிமிர்ந்தபோது வானம் மஞ்சளாக இருந்தது. வேட்டி செங்காவி!

வடகத்தை உரிக்க வேட்டியைக் கவிழ்த்துப்போட்டு, பின்பக்கம் தெளிக்கச் செம்பில் தண்ணீரோடு அவள் குனிந்தபோது உமாபதி ஓடிவந்தான்.

"இன்னிக்கு வந்துடுச்சு வத்சலா! அந்த லோ ஸ்பெயின்ல ஒரு நாள் நின்னுடுச்சு. நான் அவசரப்பட்டு ஃபில்டரைக் கழட்டிட்டேன். கார் மேல இருக்கறது ஊர்ப் புழுதியோட கலந்திருக்கும். கையில ஒரு சாம்பிள் இல்லை!"

"உங்களுக்கு சாம்பிள் போச்சு, எனக்கு நாற்பது வடகம் போச்சு."

அப்போதுதான் அவன் கீழே பார்த்தான்.

"தண்ணி ஊத்தாதே!"

மெல்ல வேட்டியைத் திருப்பி ஒரு வடகத்தைப் பெயர்த்தான். அடியில் பால்வெள்ளையாக ஒரு வட்டம்; சுற்றிலும் சிவப்பு மண்.

"காலையில துணி சுத்தம், மேல இருக்கறது அத்தனையும் இன்னிக்கு விழுந்த மண்ணுன்னு இதைவிட யார் சாட்சி சொல்ல முடியும்?"

வேட்டி வடகத்தோடு பேராசிரியரின் மேஜைக்குப் போனது. திங்கள் மாலை உமாபதி சிரித்துக்கொண்டே வந்தான்.

"சஹாரா மண்ணேதான். ஒரு நாள் தள்ளி வந்தாலும் பரவாயில்லைன்னு ஒரு வருஷம் கொடுத்துட்டார்! இந்த வட்டம் போடற கருவிக்குப் பேர் என்னன்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"வத்சலான்னு."

அவள் முகம் சிவந்துபோய், அனுப்பாத கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். மறுபடி ஜவ்வரிசியை ஊறப்போட்டாள்.

"இந்தத் தடவை மண்ணு வராத நாளாப் பார்த்துச் சொல்லுங்க. ஒரு நாள் முன்னே பின்னே ஆகக்கூடாது, ஆமாம்!"