சுவரின் இரண்டாவது படம்

வெந்நீர் ஊற்றி ஊற்றித் துடைத்தும் அந்த மஞ்சள் தாள் அசைந்து கொடுப்பதாக இல்லை. அவள் அப்பா சுவருக்குப் பட்டி பூசுகிற தகட்டைத் தாளுக்கும் கதவுக்கும் நடுவே செருகி ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். நகத்தளவு தாள் சுருண்டு வந்தது. கூடவே கதவின் வார்னிஷும் வந்தது.

இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்துவிடுவார்கள். வருகிறவர்கள் எல்லாரும் இந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அதற்குள் இது போய்விட வேண்டும். நேற்றுக் காலையிலிருந்து அவள் மனதில் நின்ற ஒரே வேலை இதுதான். அழுகைகூட இதற்குப் பின்னால் வரிசையில் காத்திருந்தது.

'பராமரிப்புக் குறைபாடு. முப்பது நாட்களுக்குள் சரிசெய்க. இத்தாளைக் கிழிப்பது குற்றம்' என்றது தாள். கீழே நகராட்சிக் கட்டட ஆய்வாளரின் கையெழுத்து. அது அவளுடைய கையெழுத்துதான்.

முன்பெல்லாம் நகராட்சி ஒட்டுகிற நோட்டீசை ஜனங்கள் விடிவதற்குள் கிழித்துப் போட்டுவிட்டு, "நோட்டீசா? எந்த நோட்டீஸ்?" என்று பச்சைப் பிள்ளை மாதிரி கேட்பார்கள். மின்பெட்டிகளில் அபாயத் தாள் ஒட்டுகிற பசைதான் வேண்டும் என்று மூன்று முறை மேலே எழுதிப் போட்டு வாங்கியவள் அவள். பசை வந்த அன்றைக்கு ஒரு துண்டுத் தாளை மேஜைக் காலில் ஒட்டி, ஆபீஸ் முழுக்க ஆளாளுக்கு இழுத்துப் பார்த்தார்கள். அந்தத் துண்டு இன்னும் மேஜைக் காலில்தான் இருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் வெந்நீர் வேணுமா?" அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"வேணாம்மா."

இந்த நேரத்தில் இதை ஏன் சுரண்டுகிறாய் என்று அம்மா கேட்கவில்லை. நேற்றிலிருந்தே அம்மா அவளிடம் வேலை சம்பந்தமாக மட்டும்தான் பேசுகிறாள். நாற்காலி எத்தனை, யார் யாருக்குச் சொல்லியாகிவிட்டது, பீரோ சாவி எங்கே.

நாலு மாதத்துக்கு முன்னால் சமூகக் கூடத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. காரை பெயர்ந்த சுவர், உரிந்த பெயின்ட், உடைந்த மழைநீர்க் குழாய், ஆள் உயரப் புதர். இதற்கெல்லாம் விதி முன்பே இருந்தது. அதை எப்படி நடத்துவது என்பதை மட்டும் ஊரைக் கேட்டுச் செய்யலாம் என்று ஏற்பாடு. மைக் அவள் கையில். மூன்றாவது வரிசையில் அப்பா, இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

தையல் கடைக்கார அம்மாள் எழுந்தாள். "வயசானவங்களுக்கு மட்டும் தொண்ணூறு நாள் குடுத்தா என்னம்மா? அவங்க யாரைப் பிடிச்சு வேலை வாங்குவாங்க?"

"தாராளமா குடுக்கலாம்மா. அப்புறம் பாருங்க, இந்த ஊர்ல இடிஞ்ச வீடெல்லாம் தாத்தா பேர்லதான் இருக்கும்."

கூடமே சிரித்துக் கைதட்டியது. தொண்ணூறு நாள் அத்தோடு குப்பைக்குப் போனது. அப்பாவும் கைதட்டினார். பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் குனிந்து, "நம்ம பொண்ணு" என்றார்.

பிறகு ஹெச்செம் எழுந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ரிட்டையர் ஆகிப் பத்து வருடமாகியும் ஊருக்கு அவர் ஹெச்செம்தான். "ரொம்ப சந்தோஷம்மா. நோட்டீஸ் எந்த வீட்லேர்ந்து ஆரம்பிக்கும்? பால் கடைக்கு எதிர்ல ஒரு வீடு தோல் உரிஞ்சு நிக்குது. அது யாரு வீடுன்னு எனக்குத் தெரியாது. சும்மா கேக்கறேன்."

இந்தத் தடவை சிரிப்பு இரண்டு மடங்காக வந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விதி நடைமுறைக்கு வந்த முதல் நாள், முதல் நோட்டீஸ், பால் கடைக்கு எதிர்வீடு. அவளே பட்டியலில் முதலாவதாக எழுதினாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிடும்போது, "நாளைக்கு நம்ம வீட்ல ஒட்டறேன்பா" என்றாள். அவர் "சரிம்மா" என்றார்.

மறுநாள், படம் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் தலை வாரி, அதே வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு சுவருக்கு முன்னால் வந்து நின்றார். அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று. கூட வந்த ஆபீஸ் ஆள் வேறு பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, சுவர் மட்டும்தான் வேணும். ஆள் இருக்கக்கூடாது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஓர் அடி தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் ஓர் அடி தள்ளினார். சிரித்த முகம் அப்படியே இருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தம்பி இறங்கினான். ராத்திரி முழுக்கப் பிரயாணம் செய்து வந்தவன். பையைக் கீழே வைக்கவில்லை. முதலில் சுவரைப் பார்த்தான். ஜன்னலுக்கு மேலே வரை புதிதாக வெள்ளை. இடது பக்கம் கூரையோரம் மட்டும் கதவகலத்துக்குப் பழைய சுவர், உரிந்தபடி. கீழே சிமெண்ட் தரையில் கவிழ்ந்த பெயின்டைக் கழுவியிருந்தார்கள், சரியாகப் போகவில்லை. பிறகு அவன் கதவைப் பார்த்தான், அக்காவின் கையில் இருந்த தகட்டைப் பார்த்தான்.

"நல்லா சுரண்டு. ஒட்டினதும் நீதானே."

அவள் தகட்டை மறுபடியும் தாளுக்கடியில் செருகினாள்.

"ஊர்ல வேற வீடே இல்லையா உனக்கு? பெத்தவர் வீட்டுக் கதவுதான் கெடச்சுதா? ஏணியைப் பிடிக்கவாவது ஒரு ஆள் வேணாம்? பெயின்டர் எவனும் கெடைக்கலையா?"

பெயின்டர் கிடைக்கவில்லை. ஒரே வாரத்தில் நாற்பது வீட்டுக்கு நோட்டீஸ் போனால் எப்படிக் கிடைப்பான்? ஊரில் இருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் போனை அணைத்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் எடுத்து, "ரெண்டு மாசம் கழிச்சுப் பேசுங்க" என்றான். ஆய்வாளர் கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே வந்திருப்பான். அது சலுகை கேட்பதாகும் என்று அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே ஏணியைப் பிடிக்கிறேன் என்றாள். நாலு ஞாயிறும் மற்றவர்கள் வீட்டுச் சுவரைப் பார்ப்பதிலேயே போயிற்று.

"முப்பத்தாறு வருஷம் கம்பத்துல ஏறினவன்மா நான்" என்றார் அப்பா. "ஏணியைப் பாத்துப் பயப்படச் சொல்றியா?" டெலிபோன் லைன்மேனாக இருந்தவர். மழையிலும் காற்றிலும் கம்பத்தில் ஏறி ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் ரிட்டையர் ஆனவர். கம்பத்தில் இடுப்புப் பட்டை உண்டு. அதை மாட்டிக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்த்துவிட்டால் இரண்டு பக்கமும் எட்டலாம். நேற்று அந்த மூலைக்குத் தூரிகை எட்டவில்லை. இறங்கி ஏணியை நகர்த்திப் போட்டிருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் அவர் சாய்ந்தார். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுடா அவளை" என்றாள் அம்மா. எப்போது வாசலுக்கு வந்தாள் என்று தெரியவில்லை. "அவர்தான் நம்ம வீட்ல மொதல்ல ஒட்டுன்னு சொன்னாராம். எங்கிட்ட சொன்னாரு. இவ மாட்டேன்னுதான் சொல்லியிருக்கா. அவர்தான் பிடிவாதமா ஒட்டச் சொன்னாராம்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். அவள் கையில் தகடு அப்படியே நின்றது. அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. சரிம்மா என்று மட்டும்தான் சொன்னார். இல்லைம்மா, அவர் சொல்லலை என்று இப்போதே சொல்லிவிடலாம். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா ஈரத்துணியை வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள். அவளால் சொல்ல முடியவில்லை.

வண்டி வந்தபோது தாளில் முக்கால்வாசி போயிருந்தது. கீழ் மூலை மட்டும் வரவில்லை. கையெழுத்து இருந்த மூலை.

பகல் முழுக்க ஜனம் வந்தது. எல்லாரும் அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பார்த்தார்கள். சுவரைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். ஹெச்செம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கித்தான் இருந்தது, நடிப்பில்லை.

"அவகாசம் வேணும்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா நாங்க யாரும்மா வேணாங்கப் போறோம்? நான் அன்னிக்குக் கேட்டது ஏதோ வேடிக்கைக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன். மொத நோட்டீஸை நீ சொந்த வீட்ல ஒட்டினே பாரு, அன்னியிலேர்ந்து ஊருக்கே உம்மேல ஒரு மரியாதை."

அவளுக்கு அந்த மரியாதையைப் பிடுங்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்போல இருந்தது. "உக்காருங்க சார்" என்றாள்.

இரண்டு மணிக்கு அப்பாவைக் கொண்டுபோய், நாலரைக்கு எல்லாம் முடிந்து திரும்பியபோது வாசலில் முத்திரை நின்றுகொண்டிருந்தான். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவன். கல்யாணத்துக்குப் போனாலும் ரப்பர் முத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவான் என்பதால் அந்தப் பெயர். இன்று சட்டைப் பை காலியாக இருந்தது.

"மேடம், இதைச் சொல்ல எனக்கு வாயே வரலை. இன்னியோட முப்பது நாள். அஞ்சு மணிக்குள்ள மறு ஆய்வுப் படம் ஏத்தலேன்னா நாளைக்குக் காலைல அபராதம் போட்டு சிவப்பு நோட்டீஸ் தானா வந்துடும். சார் பேர்லயே வரும். அம்மா கதவைத் தெறந்தா அதுதான் இருக்கும்."

"தெரியும்."

"ஆளே போயிட்டார்னு போட இடமே இல்லை மேடம். தேடிப் பாத்துட்டேன். ஆம், இல்லை, ரெண்டுதான் இருக்கு."

"தெரியும். நான்தான் ரெண்டு போதும்னு சொன்னேன்."

முத்திரை சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "நீங்க படம் மட்டும் எடுங்க. அந்த மூலை தெரிஞ்சாலும் பரவாயில்லை. நான் 'ஆம்'னு போட்டு முடிச்சுடறேன். யாரு கேக்கப் போறாங்க?"

யாரும் கேட்கமாட்டார்கள். ஹெச்செம்கூடக் கேட்கமாட்டார். ஒரு பொய் போட்டால் அம்மாவின் கதவு தப்பிக்கும். அப்பா சாகும்வரை அவளுக்காக ஒரு பொய்யைச் சொல்லிவைத்திருந்தார், அது அவருக்கு எத்தனை சுலபமாக வந்திருக்கிறது. அவள் போனை எடுத்து ஆபீஸ் ஆப்பைத் திறந்தாள். 'குறைபாடு சரிசெய்யப்பட்டதா?' கட்டைவிரல் 'ஆம்' மேல் நின்றது. அவள் நிமிர்ந்து அந்த மூலையைப் பார்த்தாள். அவர் கை போன தூரம் வரை வெள்ளை, அதற்கு மேல் இல்லை. அதை முடிந்தது என்று எழுத அவளால் ஆகவில்லை. முடிந்திருந்தால் அவர் இறங்கி வந்திருப்பார்.

'இல்லை' என்பதை அமுக்கினாள். எதை அமுக்கினாலும் ஐந்து மணிக்குள் படத்தை ஏற்றினால்தான் ஆய்வு முடியும்.

"மேடம்!" என்றான் முத்திரை. "சிவப்பு நாளைக்கு வந்துடுமே. ஒட்ட வேண்டியவன் நான்."

"கீழே ஒட்டாதீங்க. அங்க பழசு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தெருவைக் கடந்து பால் கடை ஓரத்து விளக்குக் கம்பத்தடியில் போய் நின்றாள். முதல் படம் எடுத்த அதே இடம். ஆய்வாளர்கள் வேறு சுவரைப் படம் எடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று கருத்துக் கேட்பில் யாரோ சொன்னதால் வந்த ஏற்பாடு இது. பழைய படம் திரையில் மங்கலாகத் தெரியும். அதில் இருக்கும் கதவு இங்கே இருக்கும் கதவோடும், ஜன்னல் ஜன்னலோடும் பொருந்தினால்தான் பொத்தான் அமுங்கும்.

எதிரே வாடகை நாற்காலிகளை எடுத்துப்போய்விட்டார்கள். தம்பி உள்ளே இருந்தான். அம்மா கதவைச் சாத்தியிருந்தாள். வீட்டுக்கு முன்னால் ஓர் ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை. யாரையும் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போனை உயர்த்தினாள். கதவு கதவில் போய் உட்கார்ந்தது. ஜன்னல் ஜன்னலில் உட்கார்ந்தது. வலது ஓரத்தில் ஏதோ ஒன்று மட்டும் எதனோடும் பொருந்தாமல் நின்றது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அன்றைக்கு ஆபீஸில் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டாள் என்று தெரியவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக் கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. இரண்டு அடி தள்ளியும் அவர் முழுசாகப் போகவில்லை.

கதவும் ஜன்னலும் விலகின. திரும்பப் பொருத்தினாள். திரும்ப விலகின.

"மேடம், நாலு அம்பத்தெட்டு" என்றான் முத்திரை.

அவள் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். பழைய படம் அணைந்தது. திரையில் சுவர் மட்டும் இருந்தது.