தாயாருக்கு மூன்று நாள்

பச்சையம்மா ஃபாக்டரி கேட்டுக்கு ஓடிவந்தபோது மணி மூன்றரை. புருஷன் தேசப்பன் ரெண்டு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் மாமியார் கண்ணை மூடிவிட்டாள். இனி ராத்திரி பத்துக்குத்தான் அவனை விடுவார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. "பொயுது சாயறதுக்குள்ள எட்த்துடணும். சனிப்பொணம் தனியா போவாது" என்று குப்பத்துப் பெரியவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை கையால் மண் விழாமல் குழியை மூடவும் மாட்டார்கள். இருப்பதோ ஒரே பிள்ளை.

டைம்கீப்பர் ராமசுப்பு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சட்டம் என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்.

"வூட்ல சாவு சார். நூத்திப் பதினாறாம் நம்பர் ஆளை அனுப்பு சார்."

"தேசப்பனா? இரு." லீவு நோட்டைப் புரட்டினார். "தாய், தகப்பன், பொண்டாட்டி, பிள்ளை. இந்த நாலு சாவுக்குத்தான் கம்பெனி மூணு நாள் குடுக்கும். அவனுக்குத் தகப்பன் முன்னமே இல்ல. தாயார் போன ஐப்பசியில இறந்தாச்சு, லீவும் எடுத்தாச்சு. இப்ப யாரு?"

ஐப்பசியில் செத்தது அவனை வளர்த்த பெரியம்மா. பெரியம்மாவுக்கெல்லாம் லீவு கிடையாது என்றதும் 'அம்மா' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அவளை அப்படித்தானே கூப்பிட்டான்! இப்போது உண்மையைச் சொன்னால் பொய் எழுதினவனுக்குச் சீட்டுக் கிழியும். போன மாதம்தான் ஒருவனுக்குக் கிழிந்தது. சொல்லாவிட்டால் பெற்றவளுக்கு மண் போட ஆளில்லை. புருஷன்மேல் பச்சையம்மாவுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

"கேக்கேன்லா? செத்தது யாரு?"

"பொண்டாட்டி" என்றாள்.

ராமசுப்பு பேனாவை எடுத்தார். "பேரு?"

"பச்சையம்மா."

"வயசு?"

"இர்வத்திநாலு."

"அடப் பாவமே." அவர் குரல் இறங்கியது. "நீ யாரும்மா?"

"அவளுக்கு அக்கா சார்."

எழுதி முடித்து, மை காயட்டும் என்று வாயால் ஊதினார். அவளுக்கு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் அந்த ஈர வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வாட்ச்மேன் மாசானம் உள்ளே போய்ச் சொன்னான். தேசப்பன் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தான். வாய் "பச்ச... பச்ச..." என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டில் நிற்கிறவளைப் பார்த்ததும் அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டான்.

ராமசுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையம்மா ஓடிப்போய் அவன் பக்கத்தில் விழுந்து, "ஐயோ, என் தங்கச்சி பூட்டாளே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். ஓலத்துக்கு நடுவே குனிந்து, "உங்கம்மா. ரெண்டு மணிக்கு. வாய மூடிகினு வாய்யா" என்றாள். அதுவரை மாமியாருக்காக அழ அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. இப்போது வந்தது நிஜ அழுகை.

தேசப்பன் எழுந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்தான். தெருவில் ஒருநாளும் அவள் கையைத் தொட்டவனில்லை.

வீட்டிலும் விடவில்லை. பாடை கிளம்பியபோதும் விடவில்லை. தெருமுனையில் பெண்கள் திரும்ப வேண்டும். பாடை நின்றது. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"தேசப்பா, நேரமாவுது. பொம்பளைங்க இதுக்கு மேல வரக்கூடாது. கைய வுடு" என்றார் ஒரு பெரியவர்.

அவன் சரியென்று தலையை ஆட்டினான். கையை விடவில்லை.