மூன்றாம் கட்டிலின் பல் செட்

"அவங்க சாப்பிட மாட்டேங்கிறாங்க மேடம், அதுக்கு நாங்க என்ன..."

"மாட்டேங்கிறாங்களா, முடியலையா? அதைச் சொல்லுங்க மொதல்ல!"

"பதினெட்டு நாளா வாயையே சரியாத் தொறக்கல. ஆறு கிலோ இறங்கிட்டாங்க. அதான் மாடிக்கு..."

"மாடி வார்டுக்கு அனுப்பி மூக்குல ட்யூப் போடணும். அதுக்கு இந்தப் படிவத்துல என் கையெழுத்து வேணும். அவ்வளவுதானே?"

முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில், மூன்றாம் கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் மகளும் தலைமை நர்ஸும் இப்படி மோதிக்கொண்டார்கள். கட்டிலில் இருந்த அம்மா வலது கன்னத்தைக் கையால் தாங்கியபடி, யாருக்கோ வந்த விருந்து என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க ஒண்ணும் அலட்சியமா இல்ல. சார்ட்டைப் பாருங்க. காலையில பல் தேய்ச்சது, சாயங்காலம் பல் தேய்ச்சது. ஒரு நாள் விட்டுப்போகல. ஆய்வுக்கு வந்தவங்களே, மத்தவங்க எங்க வார்டைப் பார்த்துக் கத்துக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க."

மகள் சார்ட்டை வாங்கினாள். அம்மா வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்கும் வரிசை பிசகாத டிக். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இத்தனை டிக்குக்கு அந்தப் பற்கள் இந்நேரம் தேய்ந்தே போயிருக்க வேண்டும். அடியில் ஒரு குறிப்பு: 'பல் செட் அணிய மறுக்கிறார். கையைக் கடித்தார். ஒத்துழைப்பு இல்லை.'

"கடிச்சாங்களா?"

"நல்லா கடிச்சாங்கக்கா!" என்று, படுக்கை விரிப்பை மாற்ற வந்த ஆயா ஆள்காட்டி விரலை நீட்டினாள். "ரத்தமே வந்துடுச்சு."

"பல் செட் மாட்டாதவங்க எதால கடிச்சாங்க?"

ஆயா விரலைப் பார்த்தாள். தலைமை நர்ஸ் ஆயாவைப் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கு ஏது ஆயாம்மா பல் செட்?"

ஆயா அலமாரியைத் திறந்து ஒரு மூடி போட்ட கப்பை எடுத்தாள். உள்ளே, கடையில் வாங்கிய அன்றுபோல் பளபளவென்று ஒரு பல் செட்.

"எம் பிள்ளைங்க மேல சத்தியமா ரெண்டு வேளையும் ப்ரஷ் போட்டேங்க. சுத்தம் பண்ற மாத்திரை போட்டு ஊறவும் வெச்சேன். கப்புல பாருங்க, மூணாம் கட்டில்னு எழுதியிருக்கு."

எழுதித்தான் இருந்தது.

"எங்கம்மாவுக்குச் சொந்தப் பல்லு பதினொண்ணு இருக்கு. அதை யாரு தேய்ச்சது?"

"சொந்தப் பல்லுன்னு எனக்கு யாரும் சொல்லலியேக்கா."

"சரி மேடம், வாரா வாரம் நீங்களும்தானே வந்தீங்க? நீங்க பார்த்தீங்களா?" என்று தலைமை நர்ஸ் திருப்பிக் கேட்டார். வாரா வாரம் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்துபோன மகள், இன்றைய பாக்கெட்டைக் கைப்பைக்குள் தள்ளினாள்.

நர்ஸ் டார்ச்சை எடுத்தார். "ஆ காட்டுங்கம்மா."

அம்மா உதட்டை இன்னும் இறுக்கினாள்.

"ஸ்பூன் இல்லம்மா, பாருங்க. கை வெறுங்கைதான்."

இரண்டு கையையும் திருப்பிப் பார்த்த பிறகே அம்மா வாயைத் திறந்தாள். முதலில் நாற்றம்தான் வந்தது. வலது கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்து, ஈறு சீழ் கட்டி வீங்கியிருந்தது. நர்ஸ் டார்ச்சை அணைத்தார். மகள் கையிலிருந்த ட்யூப் படிவத்தை வாங்கி நான்காக மடித்தார்.

"பல் டாக்டரை இன்னைக்கே வரச் சொல்றேன். இது இப்போதைக்கு வேணாம்."

"ஏம்மா, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மகள்.

"சொல்ல வாயைத் தொறந்தாத்தான் எவளாவது எதையாவது உள்ள திணிச்சிடறாளே! ஸ்பூனு, மாத்திரை, போதாக்குறைக்கு ஊரார் பல்லு!"

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆயா மட்டும் கப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இது உங்களுக்கு முன்னால இந்தக் கட்டில்ல இருந்த டீச்சரம்மாவோடது. ஜுரம்னு அவசரமா மாடிக்குத் தூக்கிட்டுப் போனப்ப இங்கயே விட்டுட்டோம்."

"இப்ப எப்படி இருக்கா?" என்றாள் அம்மா.

"இருக்காங்கம்மா. ஜுரம் அப்பவே விட்டுடுச்சு. ஆனா எதைக் குடுத்தாலும் மெல்லவே மாட்டேங்கிறாங்கன்னு மறுவாரமே ட்யூப் போட்டாச்சு."

தலைமை நர்ஸ் பல் டாக்டரின் எண்ணை மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். அம்மா கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நர்ஸையும் ஆயாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, அந்தக் கப்பை எடுத்துக்கிட்டு அவ முகத்துல முழிக்கப் போறது யாரு?"