குழாய்க்காரர் முன்னால் நடந்தார்

குழாய்க்காரர் செத்து அடக்கமான மறுவாரமே தன் மனைவிக்கு முன்னால் தெருவில் நடக்க ஆரம்பித்தார். கையில் ஸ்பேனர், ஈரம் சொட்டும் சட்டை, உயிரோடு இருந்தபோது இருந்த அதே அவசரம். மணப்பெண்களுக்கு உடை தைக்கும் அவர் மனைவி எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாது என்று தெரு கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தது. கல்யாணத் துணி ஒன்றுகூட அவளிடம் வரவில்லை. இப்போது எதிரே வருகிறவர்கள் முதலில் செத்தவரைப் பார்த்தார்கள். புருஷன் முன்னால் போக, பின்னால் வருகிறவளை எப்படி விதவை என்பது? துணிகள் திரும்பி வந்தன. பால்காரர் வணக்கம்கூடச் சொன்னார், அவருக்கு மட்டும்.

மற்ற விதவைகளும் அவரை இரவல் கேட்டார்கள். ஒருத்திக்கு வங்கிக்குப் போக வேண்டும், இன்னொருத்திக்குப் பேரக் குழந்தையைப் பார்க்க வேண்டும். அவர் யாருக்கும் முடியாது என்றதில்லை. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். அதனால்தான் சொந்த வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டே கிடந்தது. இரண்டு வருடத்தில் ஆள் தேய்ந்துபோய், அவர் வழியாக எதிர்ச் சுவர் தெரிந்தது. அவர் மூச்சு வாங்குவது தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அவள் மெஷினை நிறுத்திவிட்டு அழுவாள்.

தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. பெரியம்மா தைத்ததைப் பெரியம்மாவேதான் உடுத்திவிட வேண்டும் என்று பெண் அடம்பிடித்தாள்.

"அத்தான் முன்னாடி வந்தா நீயும் வாக்கா," என்றாள் தங்கை, முகத்தைப் பார்க்காமல். "இல்லேன்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

கல்யாணத்தன்று காலையில் அவர் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கதவை விரியத் திறந்து உள்ளே கைகாட்டினாள்.

"போதுங்க. செத்தும் உங்கள நிம்மதியா இருக்க விடலியே. போய்ப் படுங்க, நான் போய்க்கிறேன்."

அவர் உள்ளே போய், ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்துவிட்டு, காணாமல் போனார். அவள் தைத்த உடையை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தாள். அவரை இரவல் வாங்கிய பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்துகொண்டார்கள். மணப்பெண் அறை வாசலில் தங்கை குறுக்கே நின்றாள். உள்ளே பெண், உடுத்திக்கொள்ள இரண்டு கைகளையும் தூக்கியபடி காத்திருந்தாள். அந்தக் கைகள் இறங்கவில்லை. கடைசியில் தங்கைதான் விலகினாள்.

அதற்குப் பிறகு, விதவையைக் கண்டு கதவைச் சாத்தும் வீட்டில் எல்லாக் குழாய்களும் ஒழுக ஆரம்பித்தன. எந்த ஆளைக் கூட்டிவந்தாலும் நிற்காது, கதவைத் திறந்தால்தான் நிற்கும். ஊருக்குப் பழகிவிட்டது. இப்போதெல்லாம் அந்தப் பெண்கள் வரும் நேரத்தில் கதவுகளைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.