எட்டாம் காம்பராவின் பெறுபேறு

டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆறாம் நம்பர் லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய ஒற்றையறை வீடுகளில் எட்டாம் காம்பராவில் குடியிருந்த பொன்னையாவின் உடம்புச் சூடு, ஒக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு நின்றுபோனது. அன்று மழை இல்லை. ஹட்டன் பஸ் வழக்கம்போல இருபது நிமிடம் பிந்தி வந்தது. பொன்னையா சாகவில்லை. மத்தியானம் ரொட்டி தின்றார், சம்பலுக்கு உறைப்புப் போதாது என்று குறைபட்டார். ஆனால் அவருடைய கை சுவரைப் போல இருந்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தேத்தண்ணி அந்தக் கைக்குப் போனதும் ஆறியது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த மனைவி லெட்சுமி பயந்துபோய் அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே அவருக்கு எல்லாரையும் போலச் சூடு இருந்தது. பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்து காம்பரா வாசற்படியைத் தாண்டிய கணத்தில் சூடு மறுபடியும் போய்விட்டது.

மகள் லோஜினி ஹட்டனில், இரும்புச் சாமான் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் வேலை பார்த்தாள். கிழமை நாட்களில் டவுனில் போர்டிங், சனிக்கிழமை வீடு. லயங்களின் தகரக் கூரைக்குக் கீழே சீலிங் அடித்தால் குளிர் எவ்வளவு குறையும் என்று வெளிநாட்டுக்காரர்கள் சிலர் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். அதைக் கணினியில் கட்டிப் பார்ப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. சுவர், கூரை, அடுப்பெரியும் நேரம், காம்பராவில் எத்தனை பேர் என்பதெல்லாம் கொடுத்தால், வருடத்தின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அறையின் சூட்டைக் கணினி சொல்லும். அப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு கணக்கும் ஒரு ஜொப். ஜொப்கள் எங்கோ தூரதேசத்தில் இருந்த பெரிய இயந்திரத்துக்குப் போய் வரிசையில் நிற்கும். அவற்றை அனுப்புவது, முறிந்ததை மறுபடி ஓட்டுவது, வந்த பெறுபேறுகளுக்குச் சரியான பெயர் வைத்து அடுக்குவது, பழையதை அழிப்பது என்று லோஜினிக்கு நாள் போகும். சொந்த லயம் வந்தபோது அதையும் மற்ற லயங்களைப் போலவே செய்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் விரல்களிலிருந்து ஏதோ இறங்கிப்போவதை உணர்ந்தாள். அம்மா கொடுத்த தேத்தண்ணி அவள் கையிலும் ஆறியது. அம்மாவின் கை மட்டும் சுட்டது. மூன்றாம் காம்பராவில் மரியநாயகிக்கும் இதே கதை என்றார்கள். ஐந்து போர்வை போட்டும் அவள் படுத்த பாய் ஈரச் சாக்கைப் போல இருந்ததாம். அம்மாவுக்கு இருந்து, அப்பாவுக்கும் தனக்கும் மரியநாயகிக்கும் இல்லாமல் போனது எது என்று லோஜினி யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூராவும் யோசித்தாள். திங்கட்கிழமை காலை கணினியில் அந்த ஜொப்பைத் திறந்து பார்த்தாள்.

காம்பராவில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அவள் தோட்டத்து வேலையாட்களின் பேர்ப் பதிவான செக்ரோலைப் பார்த்து எழுதியிருந்தாள். தோட்டத்தில் பிறந்த யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆள் என்றால் செக்ரோலில் இருக்க வேண்டும். பிள்ளை என்றால், தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் பதிவில் இருக்க வேண்டும். அறுபது வயதில் அப்பாவுக்குப் பேர் வெட்டியாயிற்று. மரியநாயகிக்கு வெட்டி ஒன்பது வருடம். லோஜினிக்குப் பேர் விழவே இல்லை. எட்டாம் காம்பரா, ஆள் ஒன்று. ஜொப் முடிந்த நேரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால்.

அதற்குப் பிறகு அவள் செய்திருக்கக் கூடாத ஒன்றைச் செய்தாள். பெறுபேறைக் கீழே கீழே உருட்டிக்கொண்டு போனாள். நவம்பரில் பதினொன்று. டிசம்பரில் எட்டு. ஜனவரி பத்தொன்பதாம் திகதி காலை ஆறு மணிக்கு, எட்டாம் காம்பராவில் இரண்டு பாகை. அந்த வரிக்குக் கீழே எண்கள் மறுபடி ஏறின. ஆனால் இரண்டு பாகையில் ஒரு மனிதன் கண் திறப்பானா என்று அந்தக் கோப்பில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அன்றைக்கே வீட்டுக்குப் போய், அப்பாவை வேறெங்காவது போய் இருக்கச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"மலையில காஞ்ச சூடு எனக்கு இன்னும் நாப்பது வருசத்துக்கு இருக்கு பாப்பா. காம்பராவ விட்டு நான் எங்க போக?"

சிரித்தபோது அவர் வாயிலிருந்து ஆவி வரவில்லை. பக்கத்தில் நின்ற லெட்சுமிக்கு வந்தது.

ஒப்புதல் கொடுத்த பெறுபேறுகள் பூட்டப்பட்டிருக்கும்; திறக்கிற அதிகாரம் அலுவலகப் பொறுப்பாளர் ஜூட்சனுக்கு மட்டும். அவர் கோபக்காரர் அல்ல, ஆனால் வேலையைத் திருப்பிச் செய்வது அவருக்குப் பிடிக்காது. மறுநாள் லோஜினி திறந்துவிடும்படி கேட்டு முடிக்கும்வரை பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆள் கூடினா என்ன, கொறைஞ்சா என்ன தங்கச்சி. புள்ளிக்குப் பொறகு மூணாவது எடத்துலதானே மாறும்."

"அந்த மூணாவது எடத்துலதான் சேர் எங்கப்பா இருக்காரு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடிவைத்துவிட்டுப் பூட்டைத் திறந்துவிட்டார்.

லோஜினி எட்டாம் காம்பராவில் ஆள் மூன்று என்றும், மூன்றாம் காம்பராவில் ஒன்றைக் கூட்டியும் எழுதி அனுப்பினாள். ஒரே பெயரில் இரண்டு பெறுபேறு இருக்கக் கூடாது என்பது அலுவலகத்தின் ஒழுங்கு. கை பழக்கத்தில், புதியது வருமுன் பழையதை அழித்துவிட்டாள். அழித்த பிறகுதான் வரிசையைப் பார்த்தாள். அவளுடைய ஜொப்புக்கு முன்னால் இருநூற்றுப் பன்னிரண்டு நின்றன. நேரம் பதினொன்று இருபது.

பதினொன்று இருபத்திரண்டுக்குப் போன் அடித்தது. வேலையிலிருந்து அரை நாளில் அப்போதுதான் திரும்பியிருந்த அம்மாவின் குரல், பேசப் பயந்த குரலாக இருந்தது.

"பாப்பா, அடுப்பு எரியுது. சூடும் இல்ல, குளிரும் இல்ல. கைய உள்ள விட்டுப் பாத்தேன், ஒண்ணுமே தெரியல."

"அப்பா?"

"ஒக்காந்திருக்காரு. கூப்பிட்டா திரும்பல. இழுத்தாலும் தூண் மாதிரி வரமாட்டேங்குறாரு."

அம்மாவை வெளியே வந்து வாசலில் நிற்கச் சொன்னாள். மூன்றாம் காம்பராவில் எட்டிப் பார்க்கச் சொன்னாள். அங்கே மரியநாயகி ஜெபமாலையை உருட்டிய விரலோடு அப்படியே இருந்தாள். லயம் முழுவதும் காம்பராக்கள் அப்படி நின்றன. உள்ளே ஊற்றிய தண்ணீர் நிலத்தைத் தொடச் சற்று யோசித்தது. வெளியே கொழுந்து லொறி ஏறிப்போனது, பக்கத்து லயத்தில் யாரோ துணி துவைத்தார்கள். வரிசை நூற்று எண்பதுக்கு வந்தது. லோஜினி நாற்காலியிலிருந்து எழும்பவில்லை. எழும்பினால் எண் நின்றுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. நூற்று நாற்பது. ஜூட்சன் தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தார். அறுபது. ஒரு முறை கரண்ட் மினுங்கியது, போகவில்லை. ஒன்பது. ஜொப் ஓடத் தொடங்கியது. எழுபது வீதத்தில் நின்று, அவள் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டிருக்க, மறுபடி நகர்ந்தது. மூன்று பத்துக்கு முடிந்தது. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"தேத்தண்ணி கேக்குறாரு," என்றாள் லெட்சுமி. பிறகு வெகுநேரம் அழுதாள்.

ஜனவரி பத்தொன்பதாம் திகதி காலை பொன்னையா ஆறு மணிக்கு எழும்பி, குளிர் என்று சொல்லி, மறுபடி படுத்தார்.

அதிலிருந்து ஆறாம் நம்பர் லயத்தில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் முதலில் லோஜினிக்குத்தான் சொல்லுவார்கள். ஜொப் முடிந்தது என்று அவள் சொன்ன பிறகுதான் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவார்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வருமுன் போன் எடுத்துத் தங்களைக் கூட்டிவிடச் சொல்வார்கள். அவள் எல்லாவற்றையும் செய்தாள். பழையதை மட்டும், புதியது வரும்வரை, ஒருபோதும் அழிப்பதில்லை.

சென்ற பங்குனியில் மரியநாயகி தூக்கத்தில் இறந்தாள். அடக்கம் முடிந்ததும் லோஜினி மூன்றாம் காம்பராவில் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்று சொன்னாள். முப்பத்தோராம் நாள் பூசை முடியட்டும் என்றாள் அவளுடைய மகள். பூசை முடிந்து எட்டு மாதமாகிறது. குறைக்கச் சொல்லி யாரும் வரவில்லை, லோஜினியும் கேட்கவில்லை. மூன்றாம் காம்பராவின் மூலையில் விரித்தபடியே கிடக்கும் அந்தப் பாய் காலையில் இளஞ்சூடாக இருக்கும். ஈரம் காயாத பள்ளிக்கூடச் சட்டைகளை இப்போது அதன்மேல்தான் போடுகிறார்கள்.