இடப் பக்கத்துப் பந்து

கொரியாவின் ஆந்தோங் ஊரில் விடியற்காலை பேட்மிண்டன் ஆடுகிறவர்கள் பில்சுன் என்று சொன்னால் கூடவே நாம்ஹி என்றும் சொல்வார்கள். இருவரும் தனித்தனியாக ஆடி யாரும் பார்த்ததில்லை.

பில்சுன் சந்தையில் உப்புக் கானாங்கெளுத்தி விற்பவள். அகன்ற தோள், கனத்த கை. பின்னால் நின்று அவள் அடித்தால் பந்து எதிராளியின் காலடியில்தான் போய் விழும். நாம்ஹி அவளுக்கு நாலைந்து வயது இளையவள். பாலத்தருகே துணிகளை வெட்டிச் சரிசெய்து தைக்கும் சின்னக் கடை வைத்திருந்தாள். ஒல்லி உடம்பு, வாய்க்கு மட்டும் குறைவில்லை. அவள் இடம் வலைக்கு முன்னால். பில்சுனின் அடிக்கு எதிராளி தட்டுத்தடுமாறித் திருப்பும் பந்தை அங்கேயே மடக்கிப் போடுவாள். "அக்கா அடிச்சுச் சாய்ப்பா, நான் தோலை உரிப்பேன்" என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

முன்னால் நிற்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது இந்த ஆட்டத்தில் முதல் நாளே சொல்லித் தருவது. அன்று காலை நாம்ஹி திரும்பினாள். உயரமாகப் போன பந்துக்குப் பில்சுன் போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான். பில்சுன் போய்ச் சேர்ந்திருந்தாள். முழு பலத்தோடு அடித்தும்விட்டாள். பந்து நேராக நாம்ஹியின் இடது கண்ணில் இறங்கியது.

பக்கத்துப் பெருநகரமான தேகுவில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அறுவை சிகிச்சை செய்தும் அந்தக் கண்ணில் வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரியும் அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியது. "நான்தான்கா திரும்புனேன்" என்று நாம்ஹி கட்டிலில் கிடந்தபடி திரும்பத் திரும்பச் சொன்னாள். அது பில்சுனின் காதில் ஏறவே இல்லை. ஊருக்கு வந்ததும் மட்டையைத் தூரத்து உறவுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். கிளப் பக்கம் போவதை நிறுத்தினாள். நாம்ஹியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், வாரம் தவறாமல் அவள் வீட்டு வாசலில் மீன் பொட்டலத்தை மட்டும் வைத்துவிட்டு, மணியைக்கூட அடிக்காமல் திரும்பிவிடுவாள்.

ஒற்றைக் கண்ணோடு வாழ நாம்ஹி பழகிக்கொண்டாள். தொடக்கத்தில் பார்லித் தண்ணீரைக் குவளைக்கு வெளியே ஊற்றினாள். ஊசியில் நூல் கோர்க்க வராமல் நூலை வீசி எறிந்து அழுதாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகியது. ஆறு மாதம் கழித்து மருத்துவர், "தடிமனான பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டா ஆடலாம். நல்ல கண்ணை மட்டும் பத்திரமா பாத்துக்கங்க" என்று சொன்னதும், அங்கிருந்து நேராகக் கண்ணாடிக் கடைக்குத்தான் போனாள்.

கிளப்பில் அவளைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒருத்தி சூடாகக் காபி கொண்டுவந்தாள். கிளப் தலைவர் தாக் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அங்கே சுவரில் ஒரு பலகை உண்டு. வருகிறவர்கள் தங்கள் பெயர் எழுதிய வில்லையை அதில் ஒட்டுவார்கள். நான்கு பெயர் சேர்ந்தால் ஓர் ஆட்டம். நாம்ஹி தன் வில்லையை ஒட்டினாள். அதன் பக்கத்தில் யாரும் ஒட்டவில்லை.

"இன்னைக்கு முட்டி வலி, நாம்ஹி."

"முதல் நாளே எதுக்கு அவசரம்? உக்காந்து பாரேன்."

மறுநாளும் அதுதான். கடைசியில் தாக் வற்புறுத்தி மூன்று பேரை அனுப்பினார். அவர்கள் குழந்தைக்குப் பழம் நீட்டுவதுபோலப் பந்தைத் தட்டிக் கொடுத்தார்கள். தூரம் பிடிபடாமல் நாம்ஹி அதையும் காற்றில் வீசித் தவறவிட்டாள். எதிர்ப் பக்கத்துப் பெண் ஒரு புள்ளி எடுத்துவிட்டு, "ஐயோ மன்னிச்சுக்கக்கா" என்றாள்.

உடை மாற்றும் அறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டது கதவு வழியாக நாம்ஹிக்குக் கேட்டது.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா இன்னொரு கண்ணுல பட்டுட்டா?"

"அதான். அந்தப் பில்சுன் அக்கா இன்னமும் தலை நிமிர்ந்து நடக்கல. அந்தப் பழி நமக்கு எதுக்கு?"

அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே கோபப்படவும் முடியவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வேறொரு கிளப்புக்குப் போய், கண்ணைப் பற்றி மூச்சுவிடாமல் ஆடிப் பார்த்தாள். அங்கே ஓர் இளைஞன் அவள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாகவே, "புதுசா சேந்தீங்களா? ஒரு மூணு மாசம் பயிற்சி எடுத்துட்டு வந்தா நல்லாருக்கும்" என்றான். மாவட்டப் போட்டியில் இரண்டு முறை பதக்கம் வாங்கியவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பும் பேருந்தில் அவள் வீட்டு நிறுத்தத்தில் இறங்கவில்லை. சந்தையில் இறங்கினாள்.

பில்சுன் மீனின் வயிற்றைக் கீறி உப்பு அடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னடி இந்த நேரத்துல? மீனு வேணுமா?"

"மீனா? எங்க தெருப் பூனைகூட இப்பல்லாம் கானாங்கெளுத்தியப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குது. இனிமே வாசல்ல மீனு வச்சீன்னா அதாலயே அடிப்பேன். மட்டை எங்கக்கா?"

"குடுத்துட்டேன்."

"திருப்பி வாங்கு."

பில்சுன் குனிந்து, ஏற்கெனவே உப்பு போட்ட மீனுக்கே மறுபடியும் உப்பு போட்டாள். "நான் இனிமே ஆட மாட்டேன்டி. என்கிட்ட அதை மட்டும் கேக்காத."

"நீ ஆடாட்டி எனக்குக் கண்ணு வந்துருமா?"

"நாம்ஹி..."

"ஒருத்தரும் என்கூட ஆட மாட்டேங்குறாங்கக்கா. காபி தர்றாங்க, நாற்காலி தர்றாங்க. ஆட்டம் தர மாட்டேங்குறாங்க." அவள் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். "கண்ணு போச்சு, சரி, அது நான் திரும்புனதால போச்சு. ஆட்டம் உன்னாலதான் போச்சு! கண்ணு போனது போதாதுன்னு அதையும் எடுத்துக்கிட்டு ஓடிட்டியே!"

பில்சுன் உப்புக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உப்பு பட்டுக் கண் எரிந்தது. இரண்டு பேருமே கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு பில்சுன் தன் வலது கையை நீட்டிக் காட்டினாள்.

"இதைப் பாரு. மட்டைன்னு நெனைச்சாலே நடுங்குது."

"எனக்குத் தூரம் தெரியல. உனக்குக் கை நடுங்குது. ரெண்டையும் சேத்தா உருப்படியா ஒரு ஆளு தேறும். நாளைக்குக் காலையில ஊத்தடிக்கு வா."

ஊற்றடி என்பது ஊருக்குப் பின்னாலுள்ள குன்றின் அடிவாரம். குடிதண்ணீர் பிடிக்க வருகிறவர்களுக்காக யாரோ ஒரு காலத்தில் மரங்களுக்கு நடுவே மண்தரையைச் சமன்செய்து வலை கட்டிவைத்திருந்தார்கள். காற்று அடித்தால் பந்து போகும் போக்கே வேறு. கிளப்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. நாம்ஹிக்கு வேண்டியதும் அதுதான்.

மறுநாள் பில்சுன் இரவல் மட்டையோடு வந்தாள். தட்டித் தட்டிப் பழகினார்கள். நாம்ஹி விட்ட பந்துகளைப் பொறுக்கியே பில்சுனுக்கு இடுப்பு கழன்றது. நாம்ஹிக்குப் பந்தை அதன் சத்தத்தாலும் அது பெரிதாகிக்கொண்டு வரும் விதத்தாலும் கணக்குப் போட வேண்டியிருந்தது. சில நாள் நன்றாக வந்தது, சில நாள் ஒன்றுமே வரவில்லை. இலையுதிர் காலம் வந்ததும் மட்டையில் பட்டவை தவறியவற்றைவிட அதிகமாயின.

அதே ஊற்றடிக்கு ஒரு முடிதிருத்துபவரும் அவர் மனைவியும் வந்துகொண்டிருந்தார்கள். அவர் பியோன், அவள் போங்சிம். எழுபதை நெருங்கியவர்கள். அவர்களோடு வழக்கமாக ஆடிவந்த தம்பதி மகன் வீட்டோடு இருக்க சியோலுக்குப் போய்விட, இவர்கள் இருவரும் எதிரெதிராக ஆடித் தினமும் சண்டையோடு வீடு திரும்பினார்கள். ஒரு நாள் போங்சிம் வலையைத் தாண்டி வந்து கேட்டாள்:

"என்னம்மா, நீங்க ரெண்டு பேரு, நாங்க ரெண்டு பேரு. நாலு பேரா ஆடலாமா? இந்த மனுசன்கூட எதிர்த்து ஆடுனா நான் கொலைகாரி ஆயிருவேன்."

"சேந்து ஆடுனா?" என்றாள் நாம்ஹி.

"அப்ப அவரு ஆயிருவாரு."

பில்சுன் நாம்ஹியைத் தனியாக இழுத்துப் போனாள். "கண்ணைப் பத்திச் சொல்லிருவோம்டி."

"சொன்னா காபி குடுப்பாங்க. வாயைத் திறக்காத."

அதற்கு மேல் பில்சுன் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றாள். இனி அவள்தான் முன்னால் நிற்பாள், நாம்ஹி பின்னால். "என் பந்து இனிமே உன் முதுகுப் பக்கத்துலேர்ந்து வரவே கூடாது." நாம்ஹி சரி என்றாள். ஆனால் ஒரு பதில் நிபந்தனை போட்டு, பில்சுனையும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்ட வைத்தாள்.

பில்சுனுக்கு வலைப் பக்கம் சுத்தமாக ஒத்துவரவில்லை. குனிய நேரம் ஆகும். குனிந்தால் நிமிர நேரம் ஆகும். பின்னால் நாம்ஹியின் மட்டை வீசும் சத்தம் கேட்டாலே கழுத்து தோளுக்குள் போய்விடும். அந்தச் சில வினாடிகள் அவள் முதுகு எதையோ எதிர்பார்த்து இறுகும். அப்போதெல்லாம், இத்தனை வருடம் நாம்ஹி இந்த இடத்தில் எவ்வளவு நம்பி நின்றிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாள். ஒரு நாள் அதை வாய்விட்டும் சொன்னாள். "நம்பிக்கையா? உன் கால் சத்தம் எனக்குக் கேக்கும்க்கா, யானை மாதிரி" என்றாள் நாம்ஹி.

தோற்றார்கள். நாளுக்கு நாள் தோற்றார்கள். பியோன் கொஞ்சமும் இரக்கமில்லாதவர். "என்னம்மா தையக்காரி, பந்து அங்க போகுது, மட்டை இங்க போகுது? தூக்கமா?" என்று கேலி செய்வார். நாம்ஹிக்கு முகமெல்லாம் சிரிப்பு. விபத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒருவர் அவளை மனதாரத் தோற்கடிக்கிறார்.

உண்மை வெளிப்பட்டது ஒரு பனிக்காலையில்தான். போங்சிம் அடித்த பந்து நாம்ஹியின் இடப் பக்கம் தாழ்வாக வந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. காதோரம் உரசிப் போன பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பி, கால் வழுக்கி, ஓரத்தில் நின்ற விளக்குக் கம்பத்தில் தோள் இடித்து விழுந்தாள். பில்சுன் மட்டையை எறிந்துவிட்டு ஓடினாள். "கண்ணுல பட்டுச்சா? நல்ல கண்ணுல பட்டுச்சா? சொல்லுடி!" என்று அவள் கத்திய கத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்ல கண்ணா?" என்றாள் போங்சிம்.

மறைக்க வழியில்லை. நாம்ஹி தோளைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பில்சுன் தரையைப் பார்த்தபடி நின்றாள். இவர்களும் போய்விடுவார்கள் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

போங்சிம் கொதித்தாள். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஏதாவது ஆகியிருந்தா நான் எப்படிம்மா தூங்குவேன்?"

பியோன் மட்டும் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "அப்ப போன வாரம் நாம ரெண்டு பாயின்ட்ல தப்பிச்சோமே, அது ஒத்தக் கண்ணுகிட்டயா?"

"இப்ப அதுவா முக்கியம்? இனிமே அந்த இடது பக்கம் அடிக்கக் கூடாது, கேட்டுக்கங்க."

"ஏன் கூடாது? எங்க தெரியலையோ அங்கதானே அடிக்கணும்?"

"நீங்கல்லாம் மனுசனா?"

"என் இடது முட்டி வேலைக்காகாதுன்னு தெரிஞ்சப்புறம் இந்தத் தையக்கார அம்மா ரெண்டு மாசமா அந்தப் பக்கமேதான் போடுது! என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

பிறகு நாம்ஹி சிரிக்க ஆரம்பித்தாள். தோள் வலித்ததால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது உண்மைதான். உங்க முட்டியைப் பாத்துப் பாத்துத்தான் போட்டேன்."

"பாத்தியா! நான் சொல்லல?" என்று அவர் மனைவியிடம் திரும்பினார்.

பேசி முடிக்க வெகுநேரம் ஆனது. கடைசியில் ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: நான்கு பேரும் கண்ணாடி போட வேண்டும், தரை வழுக்கும் நாளில் ஆட்டம் கிடையாது, முகத்துக்கு யாரும் அடிக்கக் கூடாது. இடப் பக்கம் அடிக்கலாமா என்பது முடிவாகவில்லை. மறுநாள் பியோன் முதல் பந்தையே அங்கே அடித்து அதற்கு ஒரு முடிவு கட்டினார். நாம்ஹி தவறவிட்டாள். அடுத்ததையும் விட்டாள். "தலையைத் திருப்புடி, கழுத்து எதுக்கு இருக்கு!" என்று வலைப் பக்கத்திலிருந்து பில்சுன் கத்தினாள். தன்னையறியாமல் பழைய குரலில் கத்திவிட்டது அவளுக்கே பிறகுதான் உறைத்தது.

குளிர் முற்றியதும் வெளியே ஆட முடியாமல் போனது. நால்வரும் சேர்ந்து பழைய கிளப்புக்கே போனார்கள். பலகையில் நான்கு வில்லைகளும் ஒன்றாக ஒட்டப்பட்டன. யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. பியோன் நாம்ஹியை நோக்கி ஓங்கி அடித்தபோது உட்கார்ந்திருந்தவர்கள் "ஐயோ" என்று எழுந்துவிட்டார்கள். நாம்ஹி கழுத்தைத் திருப்பி, பின்கையால் அதை வலைக்கு மேலே தூக்கிப் போட்டாள்.

அன்று அவர்கள் ஓர் ஆட்டம் ஜெயித்தார்கள், இரண்டு தோற்றார்கள். முடிந்ததும் கிளப்பின் இளம்பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி நாம்ஹியிடம் வந்து, "அக்கா, நாளைக்கு என்கூட ஒரு ஆட்டம் ஆடுவீங்களா?" என்று கேட்டாள்.

"ஆடலாம்" என்றாள் நாம்ஹி, வியர்வையைத் துடைத்தபடி. "ஆனா பந்தை ஊட்டி விடுற வேலையெல்லாம் கூடாது. அப்புறம், முதல்ல இவங்க மூணு பேரு. நேரம் மிஞ்சுனா உன்கூட."

பில்சுன் அதைக் கேட்டுக்கொண்டே மட்டையை உறைக்குள் போட்டாள். அந்தப் பக்கம் பியோனும் போங்சிம்மும் கடைசிப் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.