தெரியல என்று சொன்னவர்

எங்கள் தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக அந்தக் காலத்தில் படகுதான். மீன் கூட்டம் தேடுவதற்காக வாங்கிய ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டரில் என் அப்பா ஹால்வார் நோயாளிகளை ஏற்றிப் போக ஆரம்பித்தார். கூட்டாளி அவருடைய சிநேகிதர் ஓட்வார். எந்த வானிலையிலும் இருவரில் ஒருவர் கிளம்பிவிடுவார். ஒரு நவம்பரில், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிவர ஓட்வார் பனிமூட்டத்தில் போய் மின்கம்பியில் மோதி இறந்தார். அந்தப் பெண் படகிலேயே பிள்ளை பெற்று நலமாக வீடு திரும்பினாள்.

அதன்பிறகு அப்பா பறக்கவில்லை. தலைநகர் ஓஸ்லோவுக்கு நடையாய் நடந்தார். நார்வே முழுவதற்கும் அரசே ஹெலிகாப்டர் சேவை நடத்த வேண்டும், இரண்டு எஞ்சின் வேண்டும், உள்ளே டாக்டர் இருக்க வேண்டும், கண் தெரியாத மூட்டத்தில் யாருக்காகப் போனாலும் திரும்பிவிட வேண்டும் என்று கேட்டார். கடைசி விஷயத்துக்கு எங்கள் தீவிலேயே எதிர்ப்பு.

"சாகப்போறவன் வானிலை பாத்தா சாவான்?" என்று ஊர்ச் சபையில் கேட்டவர் என் மாமா ஆஸ்லாக், அம்மாவின் அண்ணன்.

"ஒருத்தரைக் காப்பாத்தப் போய் நாலு பேர் சாக வேணாம்," என்றார் அப்பா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தலையாட்டினாள்.

சேவை வந்தது. அப்பா கேட்டபடியே வந்தது. எத்தனையோ பேர் பிழைத்தார்கள்.

பல வருஷம் கழித்து ஒரு ஈஸ்டர் விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். மத்தியானம் மீன் வடை தட்டிக்கொண்டிருந்த அம்மா, தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள். பேச்சு குழறியது. ஓடிவந்த டாக்டரம்மா, "மூளையில ரத்தம் கசியுது. உடனே ஆபரேஷன் பண்ணணும்," என்று சொல்லி ஹெலிகாப்டருக்குத் தகவல் கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் இறங்குதளத்துக்கு அம்மாவைத் தூக்கிப் போவதற்குள் கடலிலிருந்து மூட்டம் ஏறிவிட்டது. மேலே சத்தம் கேட்டது, எதுவும் தெரியவில்லை. டாக்டரம்மாவின் ரேடியோவில் பைலட்டின் குரல். இளம்பெண்.

"கீழருந்து கலங்கரை விளக்கம் தெரியுதா? தெரிஞ்சா இறங்கிடுறேன்."

டாக்டரம்மா தீவுக்குப் புதுசு, கலங்கரை விளக்கம் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. ரேடியோவை அப்பாவிடம் நீட்டினாள். மாமா அவர் கையைப் பிடித்தார்.

"தெரியுதுன்னு சொல்லுங்க மாப்ள."

"அப்பா, சொல்லுங்கப்பா," என்றேன் நானும்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு கடல் பக்கம் வெகுநேரம் பார்த்தார்.

"தெரியல," என்றார்.

"கொஞ்சங்கூடவா?"

"இல்லம்மா. திரும்பிப் போயிடு."

சத்தம் ஒருமுறை வட்டமிட்டுத் தேய்ந்து போனது. படகில் ஏற்றினோம். அக்கரை சேருமுன் அம்மா போய்விட்டாள்.

"ஓட்வாருக்காக என் தங்கச்சிய பலி குடுத்துட்டீங்க," என்றார் மாமா, படகுத்துறையில், எல்லார் முன்னாலும். அடக்கத்துக்கு வந்த மாமா அப்பாவுக்குக் கைகொடுக்காமலே போனார்.

அடக்கம் முடிந்து சில நாளில் அந்தப் பைலட் வீட்டுக்கு வந்தாள். இங்வில் என்று பெயர். காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க தெரியுதுன்னு சொல்லியிருந்தா நான் இறங்கப் பாத்திருப்பேன் ஐயா. இறங்கியிருக்க முடியாது. எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க."

"எங்கம்மாவுக்கும் ஒரு பிள்ளை இருக்கு," என்றேன்.

அவள் கிளம்ப எழுந்தாள். அப்பா என்னைக் கண்டிக்கவில்லை. எழுந்து வாசல்வரை போய் அவளை அனுப்பிவிட்டு வந்தார். ஆறிப்போன காபியைத் தொட்டியில் கொட்டினார்.

"நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்று கேட்டார், திரும்பாமலே.

"தெரியுதுன்னு."

"அது எனக்குத் தெரியும்," என்றார்.

மறுநாள் காலைப் படகில் நான் கிளம்பினேன். வழியனுப்ப அவர் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.